முதுகு காட்டி ஜெயித்தேன்

முதல் போட்டியில் நான் மூன்றாவதாக வந்தேன். வீட்டில் வந்து சொன்னதும் என் மகள் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். மேடையில் ஏறியதே மூன்று பேர்தான் என்பதை அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாளாயிற்று.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்றும் அதே வேலைதான். என் வீட்டுக்காரர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மிஷன் பள்ளியில் படித்த நாட்களில், விளையாட்டு தினத்தன்று வெயிலில் நிற்கப் பிடிக்காமல், எலுமிச்சைச் சாறு கலக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவளை உடற்கட்டுப் போட்டி வரைக்கும் கொண்டுபோனது முதுகுவலி.

எங்கள் ஓட்டல் மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டியது. சலவை அறை அடியில் இருக்கிறது, துணி காயப்போடும் மொட்டைமாடி உச்சியில். நடுவே எழுபத்திரண்டு படிகள். பனிமூட்டம் விலகி வெயில் எட்டிப்பார்க்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஈரமான படுக்கைவிரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட வேண்டும். ஒரு மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழாவும் கோடைக் கூட்டமும் சேர்ந்து அறைகள் நிரம்பி வழிந்த வாரத்தில், பாதிப் படியில் என் முதுகு பிடித்துக்கொண்டது. கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுப்புவதற்கு இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.

சேலத்தில் முதலில் பார்த்த டாக்டர் இனிமேல் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்றார். தூக்காமல் எனக்கு என்ன வேலை இருக்கிறது? மூன்று மாதம் மாத்திரையும் தைலமுமாக ஓட்டிய பிறகு ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். அவர் என்னைக் குனிய வைத்து, நிமிர வைத்து, ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "உங்க முதுகு கெட்டுப்போகலீங்க. வலு இல்லாம இருக்கு. வெயிட்டைப் பார்த்து ஒதுங்க ஒதுங்க இன்னும் வலு போயிரும்" என்றார். சின்னச் சின்ன உடற்பயிற்சியாக ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு நல்ல ஜிம் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அப்போது ஏற்காட்டில் எனக்குத் தெரிந்து பெண்கள் போகும்படி ஜிம் எதுவும் இல்லை. அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஒன்று இருந்தது. காலை ஆறேகால் பஸ்ஸில் இறங்கினால் ஏழு மணிக்கு அங்கே இருக்கலாம். எட்டேகாலுக்குத் திரும்பி ஏறினால் பத்து மணி வேலைக்குச் சரியாக இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் காலையில் ஒரு தடவை இறக்கம், ஒரு தடவை ஏற்றம். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது ஜிம்மா வளைவுகளா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த ஜிம்மை நடத்தியவர் பஸ் மெக்கானிக். என்னைவிட இரண்டு வயது சின்னவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பெண்களுக்கு என்று அவர் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார். அங்கே ஓடுகிற மிஷின் ஒன்று, ரோஸ் கலரில் இரண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடி. இரண்டு மாதம் அந்த ரோஸ் டம்பெல்லைத் தூக்கி இறக்கினேன். இதைவிடக் கனமாக ஏதாவது வேண்டுமே என்று கேட்டால், "பொம்பளைங்களுக்கு இது போதுங்க. ஜாஸ்தி தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிருவீங்க" என்பார். கேலியில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார். சொல்லப்போனால் நானும் நம்பினேன். கனமான எடையைத் தொட்டால் ஒரே மாதத்தில் கழுத்து தடித்து, குரல் மாறி, மீசை அரும்பிவிடும் என்று எனக்கும் உள்ளூர ஒரு பயம்.

ஒருநாள் காலை நான் போனபோது யாரோ எடைத்தட்டு மாட்டிய பார்பெல்லை எடுத்த இடத்தில் வைக்காமல் கதவருகே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தாண்டிப் போக முடியவில்லை. பிசியோதெரபி அம்மா சொன்னபடி முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, தூக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டு என் மூலைக்குப் போனேன். மாஸ்டர் பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க, அதுல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியுங்களா?"

தெரியாது என்றேன். ஐம்பது கிலோ என்றார். நனைந்த விரிப்புக் கூடையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும், அதைப் படியேறித் தூக்குகிறேனே என்றேன். மறுநாள் ரோஸ் டம்பெல்லை நான் எடுக்கப் போனபோது அது அங்கே இல்லை. எனக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்று ஆண்களுக்கு எழுதும் கனமான பயிற்சிகளையே எழுதி வைத்திருந்தார்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. முதுகுவலி எந்த மாதம் நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை. மீசை முளைக்கவில்லை. குரலும் அதே குரல்தான். ஞாயிறு ஆராதனைக்குப் பாடும் எங்கள் கோயில் பாடகர் குழுவில் அதே உச்சஸ்தாயி வரிசையில்தான் நின்றேன். தோளும் முதுகும் மட்டும் மெல்ல மெல்ல உருவம் கொண்டன. கண்ணாடியில் பார்க்கிறபோது, யாரோ எனக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல இருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

சேலத்தில் ஒரு போட்டி, பெண்கள் பிரிவில் ஆள் குறைவு, பெயர் கொடுக்கலாமா என்று மாஸ்டர்தான் கேட்டார். அவர் எந்தப் பெண்ணையும் மேடைக்குத் தயார்செய்ததில்லை. நான் எந்த மேடையிலும் பாட்டுப் பாடுவதைத் தவிர எதற்கும் நின்றதில்லை. இரண்டு பேரும் போனில் வீடியோ பார்த்துப் படித்தோம். அதில் சொன்ன ஓட்ஸுக்குப் பதில் ராகிக் களி, எங்கள் ஊர் பட்டாணி, கொள்ளு, கோழி. முட்டையில் வெள்ளைக்கரு எனக்கு, மஞ்சள் கரு வீட்டிலிருக்கும் மற்ற இரண்டு பேருக்கு. இரண்டாவது மாதத்தில் என் மகள் மஞ்சள் கருவைக் கண்டாலே எழுந்து ஓட ஆரம்பித்தாள்.

அந்தப் போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். ஆண்களுக்கு மணமகன் அறையையும் மணமகள் அறையையும் கொடுத்திருந்தார்கள். எங்கள் மூவருக்கும் சமையற்கட்டில் ஒரு திரை. முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது என்று மாஸ்டர் எங்கேயோ கேட்டுவந்து சொல்லியிருந்ததால் நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டது. போட்டி உடை இரவல் வாங்கியது. இடுப்பில் தொளதொளவென்று தொங்கியது. ஊக்குப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தேன். மேடையில் நின்றால் விளக்கு வெளிச்சம், கீழே முழுக்க ஆண்கள். திரும்பி முதுகைக் காட்டச் சொன்னபோது, திரும்பினால் ஊக்கு விட்டுவிடும் என்ற பயத்தில் தோளைக் குறுக்கி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி பாதிதான் திரும்பினேன். பலசாலி என்று காட்ட வேண்டிய இடத்தில் என் வாழ்க்கையிலேயே பலவீனமாக நின்றது அன்றைக்குத்தான். இறங்கி வந்ததும் நடுவர்களில் ஒருவர் என்னிடம், "முதுகு நல்லா இருக்குதுங்க. ஆனா நீங்க காட்டவே இல்லியே" என்றார்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போர்ல முதுகு காட்டினாத் தோல்வி. இங்க காட்டாம தோத்துட்டோமுங்க" என்றார்.

நான் மலையேறி வீடு சேர்வதற்குள் மேடையில் நின்ற என் படம் ஏற்காடு வந்து சேர்ந்துவிட்டது. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. தசை எடுப்பாகத் தெரிய உடல் முழுக்கப் பூசிய கரும்பழுப்புச் சாயம், தொங்குகிற உடை, குறுகிய தோள், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போல ஒரு முழி. அது ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வேன் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரரிடம், வீட்டில் சண்டை வந்தால் யார் ஜெயிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். அடுத்த வாரத்திலிருந்து வண்டியை வேறு இடத்தில் நிறுத்த ஆரம்பித்தார். என்னிடம், ஜிம்முக்குப் போ, மேடை மட்டும் வேண்டாமே என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

எங்கள் கோயில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அம்மா வீட்டுக்கே வந்தார். ஓய்வுபெற்ற டீச்சர், எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். கையில் கேக் கொண்டுவந்திருந்தார். "நீ தப்புப் பண்ணினேன்னு ஆரும் சொல்லல கண்ணு. கொஞ்சம் ஆறட்டும். இந்தத் தடவ கேரல் ரவுண்டுக்கு வர வேண்டாம்" என்றார். கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுவது அது. பதினாறு வருடமாக நான் போகாத கேரல் ரவுண்டு கிடையாது. அந்த வருடம் அவர்கள் எங்கள் வாசலில் வந்து பாடியபோது கதவுக்கு உள்ளே நின்று கேட்டேன்.

அதையெல்லாம்விட மகள் விஷயம்தான் என்னைச் சுட்டது. உன் அம்மா ஆம்பளையா என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். அவள் அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள்: "நீ ஜெயிச்சிருந்தா இப்படிச் சொல்லியிருப்பாங்களாம்மா?"

அந்தக் கேள்வியோடுதான் ஜனவரியில் மறுபடியும் ஆறேகால் பஸ்ஸில் ஏறினேன்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிச் சீருடை, பாடகர் குழு அங்கி, கல்யாண ரவிக்கை எல்லாம் அவர் கையில்தான் போகும். படம் வந்த நாளிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். கோயிலில் எதிரே வந்தால் பார்வையைப் பாட்டுப் புத்தகத்தில் இறக்கிக்கொள்வார். ஈஸ்டருக்கு நான் கட்ட எடுத்து வைத்த சேலைக்கு இருந்த ரவிக்கை கையில் ஏறவில்லை. வேறு தையற்காரரிடம் கொடுத்தால் ஊர் அதையும் ஒரு செய்தியாக்கும். வேறு வழியில்லாமல் அண்ணியின் கடைப் படியேறினேன்.

அவர் டேப்பை எடுத்தார். கையைச் சுற்றி அளந்தார். எழுதவில்லை. டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தார். முதுகின் அகலத்தையும் இரண்டு தடவை அளந்தார். பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஊசி போட்டியா?"

"இல்லீங்க அண்ணி."

"மாத்திரை?"

"அதுவும் இல்லீங்க. முட்டை, கோழி, கொள்ளு. ரெண்டு வருசமா வெயிட்டு. அவ்வளவுதாங்க."

"மாசாமாசம் வருதா? இனி இவளுக்கு ஒண்ணும் வராது, புள்ளையும் பொறக்காதுன்னு சொல்றாங்க."

மூன்று மாதமாகப் பேசாதவர் இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. உண்மையைச் சொன்னேன். போட்டிக்கு முந்தின மாதம் சாப்பாட்டைக் குறைத்ததில் ஒரு தடவை தள்ளிப்போனது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் நன்றாகத் திட்டிவிட்டு, அளவுக்கு மீறிப் பட்டினி கிடந்ததுதான் காரணம், எடை தூக்கியதல்ல என்றார். ஒழுங்காகச் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குரல் மாறுவதும் உண்டு, நான் அந்தப் பக்கம் போகவில்லை என்றும் சொன்னேன்.

அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். ஊரெல்லாம் பார்த்த படத்தை அவர் மட்டும் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே கோபப்பட்டிருக்கிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, மேலும் கீழும் நகர்த்தினார்.

"இது ஆரு தைச்சது?"

இரவல் என்றேன்.

"இடுப்புல பாரு, சாக்குப்பை மாதிரித் தொங்குது. இங்க ஊக்கு தெரியுது. இந்தத் தையலப் போட்டுட்டு எந்தப் பொம்பளை நிமுந்து நிப்பா?" போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "இருபது வருசமா அளவெடுக்கறேன் கண்ணு. கையை மறைச்சுத் தைங்க, முதுகை மூடித் தைங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. காட்டித் தைங்கன்னு ஒருத்தியும் கேட்டதில்ல. அடுத்த போட்டி எப்ப?"

டிசம்பரில், ஈரோட்டில் என்றேன். ரவிக்கையின் அளவுக்குக் கீழே ஒரு கோடு போட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த உடையைத் தைத்து முடிக்க அவருக்கு நான்கு மாதம் ஆனது. முதலில் தைத்ததை நான் மாட்டிக்கொண்டு முதுகை விரித்ததும் நடுத் தையல் படக்கென்று அறுந்தது. அண்ணிக்கு அதில் ஒரு வீம்பு வந்துவிட்டது. இழுபடுகிற துணிக்குத் தனி ஊசி வேண்டும், நேர்த்தையல் நிற்காது, வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று யாரையெல்லாமோ கேட்டுத் தெரிந்துகொண்டார். நான்கு உடை வீணானது. ஐந்தாவது மயில்கழுத்து நிறத்தில் வந்தது. மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே குனிந்தேன், உட்கார்ந்து எழுந்தேன், முதுகை விரித்தேன். அசையவில்லை. அண்ணி என்னைச் சுற்றிச் சுற்றி வந்து தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. மலைப்பாதையில் ஒரு வளைவில் பாறையும் மண்ணும் சரிந்து பஸ் நின்றுவிட்டது. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனால் வேலை நேரத்துக்குள் திரும்ப முடியாது. கடைசிப் பன்னிரண்டு நாளில் ஜிம் இல்லை என்றால் ஒரு வருட உழைப்பு என்ன ஆகும் என்று பதறினேன். என் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். அவருக்குத் தெரிந்த எஸ்டேட்டில் காபி அறுவடை நடந்துகொண்டிருந்தது. குடோனில் மூட்டைகள் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம் என்றார். மேடை வேண்டாம் என்று சொன்ன மனிதர், தானே போய்க் கேட்டு வந்து, வண்டியில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதற்கு என்று அங்கே கேட்டவர்களிடம், என் சம்சாரம் ஈரோட்டில் போட்டிக்குப் போகிறாள் என்று நேராகச் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

குடோனில் மூட்டையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தபோது செம்மநத்தம் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் ஐந்தாறு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவர், என் வயதுதான் இருக்கும், ஒல்லியான உடம்பு, என்னிடம் வந்து இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் குனிந்து ஒரு மூட்டையைச் சரசரவென்று தூக்கி முதுகில் போட்டு, பத்தடி நடந்து அடுக்கில் வைத்துவிட்டு வந்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"பொறந்ததுலேர்ந்து தூக்கறோமுங்க. எங்களை ஆரும் ஆம்பளைன்னு சொன்னதில்ல. மெடலும் குடுத்ததில்ல" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. கூலிக்குத் தூக்கினால் அது வேலை, யார் கண்ணையும் உறுத்தாது. அதையே ஒருத்தி தனக்காகத் தூக்கினால்தான் ஊருக்கு அவள் பெண்ணா என்ற சந்தேகம் வருகிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர்கள் எனக்கு மூட்டை எடுத்துக் கொடுத்தார்கள், எண்ணிக்கை பார்த்தார்கள். பதினைந்து சொன்னால் பதினெட்டு வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் விட்டார்கள்.

ஈரோட்டுக்கு வேனில் ஐந்து பேர் போனோம்: நான், வீட்டுக்காரர், மகள், அண்ணி. ஐந்தாவதாக, வழியில் சேலத்தில் வந்து நின்ற மாஸ்டரையும் ஏற்றிக்கொண்டோம். அண்ணி மடியில் ஒரு டப்பா. அதில் ஊசி, நூல், கத்தரி, மாற்று எலாஸ்டிக். மேடைக்குப் பின்னால் ஆண்கள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டதால் என்னோடு அண்ணிதான் உள்ளே வந்தார்.

இந்தத் தடவை பெண்கள் ஒன்பது பேர். பேங்கில் வேலை பார்க்கிறவர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் மூன்று பேர், ஐம்பது வயதில் ஒரு அம்மா. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போலீஸ்காரர் வந்திருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய், போன வருடம் ஜெயித்தவர். நான் மூலையில் ஒதுங்கி உட்கார்ந்தேன். போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு இருப்பார்கள் என்று ஒரு கற்பனை எனக்கு. அந்தப் போலீஸ்காரர் சாயக் கிண்ணத்தோடு என் பின்னால் வந்து நின்று, திரும்புங்க, முதுகுல திட்டுத் திட்டா இருக்கு என்றார். அவர் எனக்குப் பூச, பிறகு நான் அவருக்குப் பூசினேன். என் உதடு வெடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டார். நேற்று மாலையிலிருந்து இல்லை என்றேன். அவர் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"குடிங்க. குடிக்காம நின்னா சதை தட்டையாப் போயிரும், மயக்கமும் வரும். நானே ஒரு தடவ மேடையில விழுந்திருக்கேன்."

என்னை ஜெயிக்கவிடாமல் செய்ய நினைப்பவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். மடமடவென்று குடித்தேன். உடம்புக்குள் ஏதோ விளக்குப் போட்டதுபோல இருந்தது.

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். மேடையேறினேன். அதே மாதிரி வெளிச்சம், கீழே அதே மாதிரி கூட்டம். முன்பக்கம், வலப்பக்கம் முடிந்தது. திரும்பி முதுகைக் காட்டச் சொன்னார்கள். திரும்பினேன். ஒரு மூச்சை இழுத்து, கைகளை உயர்த்தி, தோள்பட்டை இரண்டையும் விரித்தேன். முகம் திரையைப் பார்த்தபடி இருந்ததால் கூட்டத்தில் யாரும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கைதட்டலாக எழுந்தது கேட்டது. திரைக்கு ஓரத்தில் அண்ணி ஊசி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் தையலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழாமலும் நடுங்காமலும் நான் அங்கே நின்றேன். என் உடம்பைப் பற்றி ஊர் சொன்னது எதுவும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. இது என்னுடையது, நான் கட்டியது என்பது மட்டும் தெரிந்தது.

என்னையும் அந்தப் போலீஸ்காரரையும் மட்டும் மறுபடி மறுபடி முன்னால் கூப்பிட்டு, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். முடிவை ஐந்தாம் இடத்திலிருந்து மேலே சொல்லிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது என்று போலீஸ்காரரின் எண்ணைச் சொன்னதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. என் எண்ணைச் சொன்னதை நான் கேட்கவே இல்லை. அவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக் கையை உயரே தூக்கினார்.

இறங்கி வந்ததும் மகள் சாயத்தையும் பார்க்காமல் வந்து ஒட்டிக்கொண்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பழுப்பாயிற்று. மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, நான் கையை மடக்கிக் காட்டுகிற மாதிரி நின்று, தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தை அவரே வேன் ஸ்டாண்ட் குழுவுக்கு அனுப்பினார். அண்ணி மட்டும் என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகுத் தையலை விரலால் தடவிக்கொண்டு வந்தார்.

"ஒரு நூலு விடல சாமி" என்றார். அப்போதுதான் அவர் அழுகிறார் என்று குரலில் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெண்கள் ஐக்கியக் கூட்டம். கிறிஸ்மஸ் தேநீர் விருந்து, கேரல் ரவுண்டுக்கு யார் யார் என்று பேச வேண்டும். தலைவி அம்மா என்னைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார், மனசோடுதான் சொன்னார். ஆனால் பின் வரிசையிலிருந்து ஒருவர், வெற்றி சந்தோஷம்தான், இருந்தாலும் அந்த உடையைப் பற்றிச் சபையில் பலருக்கு வருத்தம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். நான் எழுந்திருக்க நினைப்பதற்குள் அண்ணி எழுந்துவிட்டார். அவர் கூட்டங்களில் வாய் திறக்கிறவரே இல்லை.

"அது நான் தைச்ச துணிங்க. இங்க உக்காந்திருக்கற எல்லாரு ரவிக்கையும் நான் தைச்சதுதான். அதுல குறை இருந்தா என்ற கிட்டச் சொல்லுங்க, பிரிச்சுத் தைச்சுத் தரேன். அவ உடம்புல குறையிருக்குதுன்னு மட்டும் இனி ஆரும் சொல்ல வேண்டாமுங்க."

உட்கார்ந்தார். தலைவி அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, கேரலுக்கு முதல் பெயர் யாருடையது என்று பேனாவைத் திறந்தார். அண்ணி என் பெயரைச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். அடுத்து தேநீர் விருந்துக்கு எத்தனை பால் பாக்கெட் என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தலைவி அம்மா என் பக்கமாக வந்தார். கொஞ்சம் தயங்கினார். முட்டி ரொம்ப வலிக்கிறது, ஒரு வருடமாகக் கோயில் படியேறவே பயமாக இருக்கிறது, அறுபத்தேழு வயதில் இதெல்லாம் செய்யலாமா, ஏதாவது ஆகிவிடாதா என்று மெல்லிய குரலில் கேட்டார். முதலில் பிசியோதெரபி அம்மாவிடம் காட்டலாம், அவர் சரியென்றால் மெதுவாக ஆரம்பிக்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

"மீசை கீசை முளைச்சிராதில்ல?" என்றார். கண்ணில் சிரிப்பு இருந்தது. கொஞ்சம் சந்தேகமும் இருந்தது.

முளைக்காது டீச்சர் என்றேன். பிசியோதெரபி அம்மா சரியென்ற பிறகு, தை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை ஆறேகால் பஸ்ஸுக்கு, காதில் மப்ளர் கட்டிக்கொண்டு, கைப்பையில் ஒரு அவித்த முட்டையோடு, பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.